வாயை மூடாத வாத்தியார்

வாயை மூடாமல் மட்டும் இருந்துவிட்டால் போதும், இந்தக் காலைப்பொழுதை மானம் போகாமல் கடத்திவிடலாம் என்று ஆவுடைநாயகம் நினைத்துக்கொண்டார். மூடாமல் என்றால் ஆவென்று பிளந்துகொண்டும் இல்லை. மேல்பல் கீழ்ப்பல்லைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்; ஒரு தீக்குச்சி படுக்கிற அளவுக்கு இடம் விட்டால் தாராளம். ஆனால் அந்தத் தீக்குச்சி அளவு இடம் இருக்கிறதே, அது முகத்தை என்ன பாடு படுத்துகிறது! உதடு கொஞ்சம் விலகினால் சிரிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. உதட்டைச் சேர்த்துப் பல்லை மட்டும் விலக்கினால் கன்னம் இரண்டும் தொங்கி, கேள்வித்தாளைப் பார்த்து மலைத்துப்போன பையனின் முகம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்திலோ பஸ்ஸிலோ என்றால் எந்த முகம் வந்தால் யாருக்கு என்ன. இது இழவு வீடு. உள்ளே ஐஸ் பெட்டிக்குள் படுத்திருப்பவர் பெண்டாட்டி உலகம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் காந்திமதிநாதன். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மச்சான். அவர் வீட்டு வாசலில், அவருடைய வாடகைக் கடைச் சாமியானாவுக்குக் கீழே, முதுகில் அவர் கடைப் பெயர் எழுதின பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டினால், தென்காசியில் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்கள். நாலு பேரும் ஒரே விதமாகத்தான் பேசுவார்கள். 'பாரு, எவ்வளவு சந்தோஷம் அந்த வாத்தியாருக்கு.' இல்லை ஐயா, சந்தோஷம் இல்லை, பல்லில் மின்சாரம் என்று யாரிடம் போய்ச் சொல்வது. சொல்ல வேண்டுமானாலும் வாயை அசைக்க வேண்டும். அசைத்தால் பல் தொடும். தொட்டால் சுருக்.

இத்தனைக்கும் தப்பு தங்கத்தின் மேல் இல்லை. தங்கம் பாவம், அது பாட்டுக்குக் கிடக்கும். அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவர் காலம் காலமாக அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறார். வினைத்திறன் வரிசையில் உச்சியில் பொட்டாசியமும் சோடியமும், தண்ணீரைக் கண்டாலே ஆட்டம் போடுகிற கூட்டம். அதற்குக் கீழே துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், அமிலத்தில் போட்டால் புஸ்ஸென்று கரைகிற ரகம். இன்னும் கீழே தாமிரம், பாதரசம், வெள்ளி. கடைசியில் தங்கம், யாரோடும் ஒட்டாமல் உறவாடாமல் பெரிய மனுஷத்தனமாக உட்கார்ந்திருப்பது. நேற்றுச் சாயங்காலம் தங்கக் கேப் மாட்டிவிட்ட பல் டாக்டரிடமும் இதைத்தான் விளக்கினார். சின்னப் பெண், நேற்றுப் படித்து வந்தது போல இருந்தது. மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பீங்கான் கேப் போதும் சார் என்று போன வாரமே சொன்னாள். இவர்தான் கேட்கவில்லை. பீங்கானாவது! உலகம்மாளின் ஒற்றைத் தோடு ஒன்று ஜோடி தொலைந்து கிடந்தது, அதை வைத்துத் தங்கத்திலேயே போட்டுவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பெண் வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "சார், கீழ்ப்பல்லுல பழைய சில்வர் அடைப்பு ஒண்ணு இருக்கு. ரெண்டும் தொட்டா கொஞ்ச நாளைக்குச் சுருக்குன்னு இருக்கும்" என்றாள். அப்போது இவர் வாயில் பஞ்சையும் வைத்துக்கொண்டு, "தங்கம் எதோடயும் வினை புரியாதும்மா" என்று பாடம் எடுத்தார். "தங்கம் சும்மாதான் சார் இருக்கும். கீழ இருக்கறது சும்மா இருக்காதே" என்று சொல்லிவிட்டு அவள் கையுறையைக் கழற்றினாள். ராத்திரி முதல் தோசையைக் கடித்த நிமிஷமே அவள் சொன்னது புரிந்துவிட்டது. அடைப்பில் இருப்பது வெள்ளியும் பாதரசமும் வெள்ளீயமும். வெள்ளீயம் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கத் துடிக்கிற ஆசாமி. எச்சில் என்பது உப்புத் தண்ணீர். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், ரெண்டும் தொட்டால் சுற்று முழுமையாகிவிடும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படமே இருக்கிறது. அந்தப் படத்தைப் பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பார்! இப்போது அந்தப் படம் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விடிகாலையில் மச்சான் போய்விட்டார் என்று போன் வந்ததும் இவர் இரண்டு பல்லுக்கும் நடுவில் பஞ்சைத் திணித்துக்கொண்டு கிளம்பினார். உலகம்மாள் அழுதுகொண்டே சேலையை மாற்றியவள் இவரைத் திரும்பிப் பார்த்து, "பஞ்சை எடுங்க. வாயில பஞ்சோட போய் நின்னா எது பொணம்னு வாறவுகளுக்குக் கொழப்பமாயிரும்" என்றாள். அவள் அழுகையிலும் கணக்காகப் பேசுகிறவள்.

யாரோ வருகிறார்கள். நெல்லையப்பனா? இல்லை, சங்கு ஊதுகிறவன். நெல்லையப்பன் காந்திமதிநாதனின் ஒரே மகன். இப்போது கடையை அவன்தான் பார்க்கிறான். ஆளும் அப்பாவைவிட ஒரு பிடி உயரம். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஆவுடைநாயகத்தின் கண் தேடித் தேடித் தவிர்ப்பது அவனைத்தான். ஏனென்றால் அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறான். தன் அக்கா கல்யாணத்தன்று, மண்டபத்தின் பின்வாசலில், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால். "எங்கப்பா செத்தாக்கூட இந்த ஆளு எங்க வாசல மிதிக்கக் கூடாது." செத்தாக்கூட. கோபத்தில் எல்லோரும் சொல்கிறதுதான், வாயில் வருகிற முதல் வார்த்தை. ஆனால் இன்றைக்கு அது வெறும் வார்த்தையாக இல்லையே. செத்துத்தான் போய்விட்டார், வாசலையும் மிதித்தாகிவிட்டது. அவன் வந்து எழுந்திரும் என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான். நாற்காலியே அவனுடையது. எழுந்து எங்கே போவது, எதிர்த்த டீக்கடைக்கா? உலகம்மாள் உள்ளே இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவன் அடிப்பானோ? அடித்தால் தாடையில்தான் அடிப்பான். தாடையில் அடித்தால் பல் மோதும். மோதினால், சரி, அதைவிடப் பெரிய அடியில் சின்ன அடி தெரியாமல் போய்விடும், அது ஒரு லாபம்.

என்ன பெரிய குற்றம் செய்துவிட்டார்? ரசத்தைக் கொட்டினார். அவ்வளவுதான். மச்சான் மகள் கல்யாணம், மச்சான் கடையிலிருந்தே பாத்திரம். பெரிய தாமிர அண்டா ஒன்று, உள்ளே பூசின ஈயம் எந்தக் காலத்திலோ தேய்ந்துபோனது. அதில் ஒரு அண்டா ரசம். இவர் கை கழுவப் போகிறவர் சும்மா போயிருக்கலாம். எட்டிப் பார்த்தார். ஓரத்தில் பச்சை. அண்டா விளிம்பைச் சுற்றி ஒரு பச்சை வளையம். புளி, தக்காளி, தாமிரம். தலைக்குள் மணி அடித்தது. "பரிமாறாதே!" என்று கத்தினார். வாளியோடு கிளம்பின ஆள் திகைத்து நின்றான். காந்திமதிநாதன் பட்டுவேட்டி தடுக்கத் தடுக்க ஓடி வந்தார். "என்ன வாத்தியாரே, என்ன?" "விஷம்!" என்றார் இவர். இழவு வீட்டில்கூட யாரும் அப்படி ஒரு வார்த்தையை அவ்வளவு உரக்கச் சொல்ல மாட்டார்கள். அதுவும் மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் சாம்பாரை முடித்துவிட்டு ரசத்துக்கு இலையில் குழி தோண்டி வைத்திருக்கிற நேரம். சமையல்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அது கொத்தமல்லித்தழை சாமி, கொத்தமல்லி என்று சத்தியம் செய்தார். அதைக் கேட்ட பிறகுதான் இவருக்கு வெறி ஏறியது. கொத்தமல்லியா? கொத்தமல்லியா! நிரூபிக்கிறேன், ஒரு இரும்பு ஆணி கொண்டா என்றார். தாமிரம் கரைந்திருந்தால் இரும்பாணியை அதில் போட்டு வைத்தால் ஆணி மேல் செம்பு படியும். இரும்பு வினைத்திறன் கூடினது, தாமிரத்தைத் தள்ளிவிட்டுத் தான் கரைந்துகொள்ளும். எட்டாம் வகுப்புப் பையன் சொல்வான். யாரோ பந்தல் காலிலிருந்து ஆணியைப் பிடுங்கப் போனார்கள். அதற்குள் ஒரு அவசரக்காரன் வாளியில் மொண்டுவிட்டான். இவர் பாய்ந்து அண்டாவைச் சாய்த்தார். ஒரு அண்டா ரசமும் மண்டபத்துப் பின்வாசல் சாக்கடையில் போய்விட்டது. ஆணி வந்து சேர்ந்தபோது போடுவதற்கு ரசம் இல்லை.

அங்கேதான் இடிக்கிறது. எத்தனையோ தடவை யோசித்தாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வந்துதான் மாட்டிக்கொள்கிறது. ஆணியை முதலில் போட்டிருக்கலாம். ஒரு டம்ளர் எடுத்து வைத்திருக்கலாம். சோதனைச்சாலையில் பிள்ளைகள் கரைசலைக் கொட்டிவிட்டு வந்து நின்றால் மண்டையில் குட்டுகிற வாத்தியார், தானே கொட்டிவிட்டு ஆணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சைதான். செம்புக் களிம்புப் பச்சைதான். கொத்தமல்லிப் பச்சை வேறு. வேறுதானா? கொதித்த கொத்தமல்லி ஓரத்தில் ஒதுங்கினால் எந்தப் பச்சையாக இருக்கும்? வீட்டில் உலகம்மாள் ரசம் வைக்கும்போதெல்லாம் அடுப்பங்கரையில் போய் நின்று எட்டிப் பார்க்கிறார். அவள் கேட்பதில்லை. அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியோடு எழுந்து மோர்கூட வாங்காமல் போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு முகூர்த்தத்துக்குக் காந்திமதிநாதன் கடையில் யாரும் பாத்திரம் எடுக்கவில்லை என்று கேள்வி. சாக்கடையில் தேங்கின ரசத்தை மண்டபத்து நாய் ஒன்று நக்கிக் குடித்ததாம். அந்த நாயை மச்சான் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். பொங்கலுக்கு உலகம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அவர் சொல்லிவிடுவது ஒன்றுதான்: "நாய் நல்லா இருக்குன்னு ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு." தீபாவளிக்கும் அதே. நாய் நல்லா இருக்கு. குட்டி போட்டிருக்கு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கு. கடைசியில் அது வயதாகித்தான் செத்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு இவர், பார்த்தாயா என்று சொல்ல வாயெடுத்தார். உலகம்மாள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அப்போதெல்லாம் வாயை மூட முடிந்தது. என்ன சுகமான காலம்.

காபி வந்துவிட்டது. கருப்பட்டிக் காபி, எவர்சில்வர் டம்ளரில். வேண்டாம் என்று தலையை ஆட்டலாம், ஆட்டினால் கோபத்தில் வேண்டாம் என்கிறார் என்று ஆகும். வாங்கிக்கொண்டார். டம்ளரும் ஓர் உலோகம். அதுவும் தங்கத்தில் படக் கூடாது. அண்ணாந்து, எச்சில் படாமல், ஆசாரக்காரர் போலத் தூக்கி ஊற்றினார். நல்ல சூடு. சூட்டில் வாய் தன்னையறியாமல் மூடிக்கொண்டது. சுருக்! கடைவாயிலிருந்து காதுக்குப் போய், காதிலிருந்து கண்ணுக்கு ஓடி, நாக்கில் பழைய சாவியை நக்கின ருசியை விட்டுவிட்டுப் போனது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், யாரோ கடைத்தெருக்காரர், இவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் தொடையைத் தட்டினார். "மனச விட்ராதீக சார். நானும் அப்பயிருந்து பாக்கேன், வாயக்கூட மூட முடியாம இடிஞ்சு போய் உக்காந்திருக்கிய. பாவம், மச்சான் மேல எம்புட்டுப் பாசம்." ஆவுடைநாயகம் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய. ஆட்டும்போதே வெட்கமாக இருந்தது. பாசமா? இது வெள்ளீயம் ஐயா. பாசம் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்திருக்க மாட்டோமா. தென்காசி என்ன தூரமா? பஸ் ஏறினால் ஒரு தூக்கம். போகலாம் என்று சட்டையை மாட்டி, வேண்டாம் என்று கழற்றி ஆணியில் தொங்கவிட்டது உலகம்மாளுக்கும் தெரியும். பயல்கள் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் சுவரில் இவருக்குச் சோடியம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க்குள் அடைத்து வைத்தால்தான் ஊருக்கு நல்லது என்று கீழே விளக்கம் வேறு. இவர் அதுவரை தன்னைத் தங்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எதிலும் படாமல், யார் வம்புக்கும் போகாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு. உள்ளதைத்தானே சொன்னோம். பச்சை பச்சைதானே. மச்சான் ஒரு வார்த்தை, வாத்தியாரே நீங்க சொன்னது சரிதான் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த பஸ்ஸிலேயே ஓடி வந்திருப்பாரே. இனிமேல் அவர் எங்கே சொல்ல? கண்ணாடிக்குள் படுத்துவிட்டார். இனி இவர் பாட்டுக்குச் சரியாகவே இருந்துகொள்ளலாம், கேட்க ஆளில்லை. இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ கனத்தது. காபிச் சூடாக இருக்கும்.

உள்ளேயிருந்து உலகம்மாள் வாசலுக்கு வந்து, கண்ணாலேயே இவரைத் தூணோரம் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது. "செண்பகத்த நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். செண்பகவடிவு காந்திமதிநாதனின் மனைவி. "விடியக்காலம் இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. காபித் தண்ணி குடிக்கல. யாரு கட்டிப்பிடிச்சு அழுதாலும் மரக்கட்ட மாதிரி உக்காந்திருக்கா. மனசுலயே அடைச்சு வச்சா என்னத்துக்காகும்?" பிறகு இவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "சிரிக்காதீக." "சிரிக்கல" என்றார் இவர், பல் படாமல். அது 'சிர்ர்கல' என்று வந்தது. "உள்ள வந்து முகம் பாக்கையில ஒண்ணும் பேசிறாதீக. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க. நெல்லையப்பன் அங்கனதான் நிக்கான்." சொல்லிவிட்டு அவள் போனாள். ஒன்றும் பேசக் கூடாது. நல்லது. பேசாமல் இருப்பதற்கு இன்று இவரைவிடப் பொருத்தமான ஆள் யார். கும்பிட வேண்டும், குனிய வேண்டும், திரும்ப வேண்டும். குனியும்போது தாடை தானாகத் தொங்கும், அது வசதி. அவன் மறித்தால்? மறித்தால் அப்படியே நின்றுவிடலாம். அவன் கண்ணைப் பார்க்கக் கூடாது. சட்டைப் பித்தானைப் பார்க்கலாம். சங்கு ஊதினது. சேகண்டி ஒரு தட்டு. "எடுக்கப் போறோம், முகம் பாக்குறவுக பாத்துக்கிடுங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன. கூட்டம் தள்ளியது. கால் நடந்தது, ஆள் நடக்கவில்லை.

நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தான் நெல்லையப்பன். மொட்டையடித்த தலை, மேலே ஈரத்துண்டு. முன்னால் போனவர்களையெல்லாம் விட்டவன் இவர் வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினான். "மாமா, நில்லுங்க." பித்தான் இல்லை, சட்டையே இல்லை, எதைப் பார்ப்பது? வெறும் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த கூட்டம் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. கல்யாண மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறார்கள் போல. "அப்பா ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்காக" என்றான் அவன். குரல் தழுதழுத்தது, கோபமா என்னவென்று தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னாக. 'வாத்தியார் வராம இருக்க மாட்டாரு. வந்தா கட்டாயம் ஏதாவது கொற சொல்லுவாரு. நீ சண்டைக்குப் போகாத, கேட்டுக்கோ. அவரு சொல்லுதது பாதி சரியாத்தான் இருக்கும்'னாக." கையை எடுத்துவிட்டான். "பாத்துச் சொல்லுங்க மாமா. எல்லாம் சரியா இருக்கா?" பாதி. ஆவுடைநாயகத்தின் மனம் அந்த வார்த்தையில் போய்க் குத்தி நின்றது. பாதி சரி. எந்தப் பாதி? பச்சை சரி, கொட்டினது தப்பா? இல்லை, கொட்டினது சரி, கத்தினது தப்பா? அதையாவது பிரித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குளுக்கோஸ் ஏறுகிற கையை வைத்துக்கொண்டு, நான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். சட்டையை மாட்டி மாட்டிக் கழற்றின என்னை, வருவேன் என்று.

அவர் சுற்றிலும் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாத கண் அது. ஐஸ் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கீழே ஓட்டுத் துண்டு எதையாவது வைத்திருக்கலாம். கண்ணாடியெல்லாம் வெளியே வேர்த்து உள்ளே முகம் சரியாகத் தெரியவில்லை. ஊதுபத்திச் சாம்பல் மாலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. தலைமாட்டுக் குத்துவிளக்கை எந்த மடையனோ பெட்டிக்குப் போகிற மின்வயரின் மேலேயே தூக்கி வைத்திருந்தான். நாக்கு துடித்தது. உலகம்மாள் ஓரத்திலிருந்து தலையை அசைத்தாள், வேண்டாம் வேண்டாம் என்று. காந்திமதிநாதன் முகத்தில் தாடையைச் சேர்த்துக் கட்டின வெள்ளைத் துணி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பேச்சை நிறுத்தின முகம். ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாத வாக்கியத்தைச் சொன்னார். "எல்லாம் சரியா இருக்குப்பா."

பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்த செண்பகவடிவு தலையைத் தூக்கினாள். "என்ன சொன்னிய அண்ணாச்சி?"

"எல்லாம் சரியா இருக்கு தாயி."

"ஒரு கொறையும் இல்லையா?"

"இல்ல."

அவள் இவரையே பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். மறுபடி இவரைப் பார்த்தாள். "நீங்களே ஒண்ணும் சொல்லலியே" என்றாள். உதடு கோணிக்கொண்டது. "அப்ப அவுக நெசமாவே போயிட்டாகளா?" கேட்டு முடிக்குமுன் அவள் குரல் உடைந்தது. அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பெட்டியின் மேல் விழுந்து அவள் அலறின அலறலில் வீடே எழுந்து அழுதது. நெல்லையப்பன் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆவுடைநாயகம் ஓர் அடி பின்னால் வைத்தார். ஐயோ, குறை சொல்லாமல் இருந்தாலும் தப்பாகிவிடுகிறதே! நல்ல வார்த்தை சொல்லியும் கொன்றுவிட்டேனே. என்ன செய்ய, இப்போது என்ன செய்ய? பல் இறுக மூடிக்கொண்டிருந்தது; சுருக் சுருக்கென்று ஓடிக்கொண்டிருந்தது; ஓடட்டும் சனியன் என்று விட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதற்கு வெள்ளீயம் காரணமா வேறு எதுவுமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவள் அழுது அழுது மூச்சு இழுக்க ஆரம்பித்தாள், அது நிற்கவில்லை, உலகம்மாள் முதுகைத் தடவியும் நிற்கவில்லை. அப்போது அவருடைய வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது. கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிற குரலில், அத்தனை அழுகைக்கும் மேலே, அவர் கத்தினார்.

"எந்த முட்டாள்லே வெளக்கக் கொண்டுபோய் வயர் மேல வச்சது? வயரு உருகுச்சுன்னா என்ன ஆகும்? வீடு பூரா ஆளு நிக்கி! ஒரு அறிவு வேண்டாம்?"

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் விளக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். நெல்லையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, விளக்கை இரண்டு கையாலும் தூக்கித் தள்ளி வைத்தான். வயரில் ஓரிடம் உண்மையிலேயே இளகியிருந்தது. செண்பகவடிவு ஒரு நிமிஷம் இவரை அண்ணாந்து பார்த்தாள். மூச்சு மெல்ல மட்டுப்பட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேர்த்திருந்த கண்ணாடியைக் கையால் வழித்துவிட்டு, உள்ளே இருந்த முகத்துக்குக் கேட்கும்படி விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கேட்டுச்சா? வாத்தியார் வந்துட்டாக."